ஓய்வெடுத்த நுரையீரல் – தாம்பரம் சானடோரியத்தை முன்வைத்து

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்ரயிலில் பல்லாவரம், குரோம்பேட்டை கடந்ததும் தாம்பரம் சானடோரியம் என்றொரு நிலையம் வரும். அங்கு இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள், சித்த மருத்துவ நிறுவனத்திற்கு வருபவர்கள், சுற்றியுள்ள குடியிருப்புகளில் வசிப்பவர்கள். அவர்களுக்கு சானடோரியம் என்பது ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்பதும், அப்பொருளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கால மருத்துவச் சிந்தனை இருக்கிறது என்பதும் நினைவிலிருந்து மறைந்துவிட்டன.

சானடோரியம் என்பது நோயாளியைப் படுக்கவைத்து, நல்ல காற்றும் நல்ல உணவும் கொடுத்து, காத்திருக்கும் இடம். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் ஓய்வுதான் மருந்து. அந்த நம்பிக்கை முற்றியபோது மருத்துவர்கள் நோயாளிக்கு மட்டுமன்றி அவருடைய நுரையீரலுக்கும் ஓய்வு கொடுக்கத் துணிந்தார்கள். விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை நிரப்பி, அதைச் சுருங்கவைத்தார்கள். இன்று ஒருவரது நெஞ்சுக்குள் அவ்வாறு காற்று புகுந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஒரே நிகழ்வு ஒரு தலைமுறைக்குச் சிகிச்சையாகவும் அடுத்த தலைமுறைக்கு ஆபத்தாகவும் ஆன கதையைப் புரிந்துகொள்ள தாம்பரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

*

முதலில் உடலமைப்பைச் சற்றுப் பார்த்துவிடலாம். நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் சூழ்ந்திருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது. மற்றது மார்புச் சுவரின் உட்புறத்தோடு ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிலிட்டர் திரவம் மட்டுமே இருக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு துளி நீரை விட்டால் அவை நழுவும், ஆனால் பிரியாது அல்லவா? அதுபோன்ற ஏற்பாடு. நுரையீரல் இயல்பாகவே சுருங்க விரும்பும் உறுப்பு. மார்புச் சுவரோ வெளிநோக்கி விரிய விரும்புவது. இந்த இழுபறியால் உறைகளுக்கு நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கிறது. அந்தக் குறைவுதான் நுரையீரலை விரித்து வைத்திருக்கிறது.

அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் இழுபறி முடிந்துபோகிறது; நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கிவிடுகிறது. நீர் சேர்ந்தால் அது கீழிருந்து மேலாக நுரையீரலை அழுத்திக்கொண்டு வரும். 'நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது' என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் கோளாறுகள், புற்றுநோய், நிமோனியா எனக் காரணங்கள் பல உண்டு என்றாலும், நம் நாட்டில் ஓர் இளைஞருக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்திருந்தால் மருத்துவர் முதலில் ஐயுறுவது காசநோயைத்தான். அந்த நீர் சீழாக மாறுவது அடுத்த கட்டம்.

சீழைப் பற்றிய அறிவு மிகப் பழையது. கிரேக்கத்தில் ஹிப்போகிரேட்டஸ் மரபினர் நோயாளியின் தோள்களைப் பிடித்துக் குலுக்கி, நெஞ்சில் காதை வைத்து, உள்ளே நீர் அலம்பும் ஒலியைக் கேட்டார்கள். விலாக்களுக்கிடையே கீறி, சீழை ஒரேயடியாக வடியவிடாமல் சிறிது சிறிதாக வெளியேற்றினார்கள். 1850ல் பாஸ்டனில் ஹென்றி பௌடிச் ஊசியும் உறிஞ்சுகருவியும் கொண்டு நீரை எடுப்பதை ஒரு முறையாக நிலைநாட்டினார். ஹாம்பர்க் நகரின் பூலாவ் இன்னொரு எளிய தந்திரத்தை 1891ல் வெளியிட்டார். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் மறுமுனையை ஒரு புட்டியிலுள்ள நீருக்குள் அமிழ்த்திவிட வேண்டும். உள்ளிருப்பது வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. அவ்வளவுதான்.

இந்த எளிய தந்திரத்தின் அருமை 1918ல் தெரிந்தது. இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயின்போது அமெரிக்க ராணுவ முகாம்களில் நிமோனியா கண்ட வீரர்களுக்கு நெஞ்சில் சீழ் கோத்தது. மருத்துவர்கள் உடனடியாக மார்பைத் திறந்து வடித்தார்கள். வீரர்கள் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். எவார்ட்ஸ் கிரஹாம் இடம்பெற்ற ஆய்வுக்குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. நோயின் தொடக்கத்தில் மார்பைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து நுரையீரலைச் சுருக்கிவிடுகிறது. நோயைவிடச் சிகிச்சையே அதிகம் கொன்றது. காற்று உள்ளே போகாமல் குழாய் வழியாக வடித்தபோது இறப்பு வெகுவாகக் குறைந்தது.

*

நெஞ்சில் காற்று புகுவது கொல்லும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட அதே காலத்தில், அதன் இன்னொரு பகுதி நெஞ்சில் வேண்டுமென்றே காற்றை நிரப்பிக்கொண்டிருந்தது.

1882 மார்ச்சில் ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அதே ஆண்டில் இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி ஒரு கருத்தை எழுதினார். தற்செயலாக ஒரு பக்கம் காற்றோ நீரோ புகுந்து நுரையீரல் சுருங்கிய காசநோயாளிகளில் சிலர் தேறிவருவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சிலும் விரிந்து சுருங்கும் நுரையீரலில் புண் எப்படி ஆறும்? முறிந்த எலும்பை அசையாமல் கட்டுவதைப்போல நுரையீரலையும் அசையாமல் வைத்தால்? 1888ல் அவர் ஒரு நோயாளியிடம் இதைச் செய்துபார்த்தார். விலாக்களுக்கிடையே மெல்லிய ஊசி. அதன் வழியே நைட்ரஜன். மெல்லச் சுருங்கும் நுரையீரல். அதிலுள்ள குழிப்புண்ணின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டும்; கிருமிகள் விரும்பும் ஆக்சிஜன் குறையும்; சளியில் கிருமி வருவது நிற்கும்.

செலுத்திய வாயு சில நாட்களில் உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் நிரப்பவேண்டும். முதலில் சில நாட்களுக்கு ஒருமுறை, பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை. இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும். உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் நுரையீரல் சுருங்காது. அந்த ஒட்டுகளை அறுப்பதற்காக ஸ்வீடனின் யாக்கோபேயஸ் நெஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக்குழாயைச் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். இன்றைய நெஞ்சு அகநோக்கிச் சிகிச்சைகளின் மூதாதை அதுதான். காற்று போதாதபோது உதரவிதானத்தை இயக்கும் நரம்பை நசுக்கினார்கள். வயிற்றுக்குள் காற்று நிரப்பினார்கள். விலா எலும்புகளையே வெட்டி எடுத்து மார்பை உள்நோக்கிச் சரியவிட்டார்கள். மெழுகையும் பிளாஸ்டிக் பந்துகளையும் வைத்து அடைத்தவர்களும் உண்டு.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தச் சிகிச்சை அறிமுகமானதுதான். தாமஸ் மன்னின் 'மாய மலை' (1924) நாவலில் ஒரு பக்க நுரையீரல் சுருக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் நெஞ்சுத் துளை வழியாக விசிலடித்துப் புதியவர்களைத் திடுக்கிடவைக்கிறாள். ஆல்பெர் காம்யு 17 வயதில் காசநோய் கண்டு அல்ஜியர்ஸில் இந்தச் சிகிச்சையைப் பெற்றவர். பின்னாளில் பிரான்ஸின் மலைக்கிராமமொன்றில் தங்கியிருந்தபோது காற்று நிரப்பிக்கொள்வதற்காகவே நகரத்துக்கு வந்துபோனார். ஜார்ஜ் ஆர்வெலுக்கு ஸ்காட்லாந்து மருத்துவமனையொன்றில் நரம்பை நசுக்கி வயிற்றில் காற்று நிரப்பினார்கள். பிறகு 1948ல் அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தார்கள். உடல் அதை ஏற்கவில்லை. 1950 ஜனவரியில் இறந்தார்.

*

தாம்பரத்துக்கு வருவோம். அதற்குமுன் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதிக்குச் செல்லவேண்டியிருக்கிறது. அங்கே மெண்டிப் குன்றுகளில் ஹில் குரோவ் என்ற இடத்தில் ஒரு சானடோரியத்தை நடத்திவந்தவர் டேவிட் சௌரிமுத்து என்ற இந்திய மருத்துவர். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பல் புறப்பட்டபோது அதில் இவரும் இருந்தார். கேம்பிரிட்ஜுக்குச் செல்லும் ராமானுஜனும் இருந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1917ல், நோயுற்ற ராமானுஜன் சௌரிமுத்துவின் சானடோரியத்தில் நோயாளியாகச் சேர்ந்தார். அங்கு அவர் நீண்டநாள் தங்கவில்லை. வேறு சானடோரியங்களுக்கு மாறினார். ஆங்கிலேயக் குளிரில், திறந்த சாளரங்களுக்கு நடுவே, தன் உணவு கிடைக்காமல் ஒரு தமிழ் பிராமண இளைஞர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். 1919ல் நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோய் என்று 1994ல் ஆங்கில மருத்துவர் யங் ஆதாரங்களுடன் வாதிட்டார். அப்படியானால் சானடோரியத்தின் குளிர்காற்று அவருக்குத் தேவையே இல்லாத தண்டனை.

சௌரிமுத்து கிருமியை மட்டும் குற்றவாளியாகக் கருதியவர் அல்லர். நெரிசலும் வறுமையும் கெட்ட காற்றுமே உடலை நோய்க்குத் தயார்ப்படுத்துகின்றன என்ற தரப்பைச் சேர்ந்தவர். திறந்தவெளி சானடோரியங்களில் தாம் பெற்ற இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை 1922ல் நூலாக எழுதினார். இந்திய மருத்துவத்தின் தொன்மையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பின்னர் தாயகம் திரும்பி, 1928ல் தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு தனியார் சானடோரியத்தைத் தொடங்கினார். அன்றைய தாம்பரம் சென்னைக்கு வெளியே, காடும் குன்றும் ஏரிகளுமாக இருந்த பகுதி. மின்ரயில் வந்தது 1931ல். கிறித்துவக் கல்லூரி நகரத்திலிருந்து இடம்பெயர்ந்தது 1937ல். அதே 1937ல் சானடோரியம் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது.

இந்த மாற்றம் முக்கியமானது. ஐரோப்பிய சானடோரியம் பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் உலகம். மாய மலையில் ஏழு ஆண்டுகள் தங்குவதற்கு ஒருவனுக்குப் பரம்பரைச் சொத்து வேண்டும். ஓய்வு என்பது பிறர் உழைப்பின் மீது படுத்திருப்பதுதான். சென்னையின் ரிக்ஷாக்காரருக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ ஓராண்டு ஓய்வு என்றால் குடும்பம் பட்டினி என்று பொருள். அரசு சானடோரியம் அந்த ஓய்வைப் பொதுச்செலவில் கொடுக்க முயன்றது. ஆனால் காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் மாகாணத்தின் எல்லாப் படுக்கைகளும் சேர்ந்தாலும் கடுகளவு.

நெஞ்சு அறுவை சிகிச்சையும் இக்காலத்தில்தான் தமிழகத்தில் வேரூன்றியது. 1948ல் ரீவ் பெட்ஸ் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அதற்கான துறையைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூன் 30ல் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் குணப்படுத்துகிறது என்பதைக் கறாரான ஒப்பீட்டுச் சோதனை மூலம் நிறுவிய பிரிட்டிஷ் அறிக்கை வெளிவந்தது அந்த அக்டோபரில். நான்கு மாதம்.

*

மருந்துகள் வந்தபின்னும் சானடோரியத்தின் மீதான நம்பிக்கை உடனே தகரவில்லை. மருந்தோடு ஓய்வும் நல்ல உணவும் வேண்டும் என்றே எல்லோரும் கருதினார்கள். அதைச் சோதித்துப் பார்த்த இடம் சென்னை.

1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், சென்னை அரசு ஆகியவை இணைந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அது அமைந்தது சேத்துப்பட்டில் — ராமானுஜன் இறந்த அதே பகுதியில். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வில் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதியினர் சானடோரியத்தில். மறுபாதியினர் தங்கள் வீடுகளில். இரு சாராருக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே இரு மருந்துகள், ஓராண்டுக்கு.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் முழு ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், நெரிசலில் தூங்கினார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும் வீட்டில் 86 சதவீதம் பேரும் கிருமி நீங்கியிருந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டுகளில் நோய் திரும்புவதிலும் வேறுபாடில்லை. வீட்டில் நோயாளி இருந்ததனால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959ல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளை மூடியது. நுரையீரலுக்குக் காற்றடைக்கும் கலையும் அதோடு போயிற்று. ஐம்பதாண்டுகள் பல்லாயிரம் நெஞ்சுகளைத் துளைத்த ஊசி அருங்காட்சியகப் பொருளாயிற்று. அந்தச் சிகிச்சையே பல சமயம் நெஞ்சில் நீரையும் சீழையும் வரவழைத்தது. காற்று ரத்தக்குழாயில் புகுந்து சிலரைக் கொன்றதும் உண்டு. ஆகவே யாரும் அதற்காக வருந்தவில்லை.

எனினும் இந்த ஆய்வை நாம் கவனித்துப் படிக்கவேண்டும். வீட்டிலிருந்த நோயாளிகள் வெறுமனே மாத்திரையோடு அனுப்பப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் வாரந்தோறும் மையத்துக்கு வந்தார்கள். பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றார்கள். அறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தார்கள். மருந்து இலவசம். அந்த அனுபவத்திலிருந்துதான், கண்ணெதிரே மருந்தை விழுங்கச்செய்யும் முறை பின்னாளில் உலகத்துக்குக் கிடைத்தது. ஆய்வு நிரூபித்தது இதை: மருந்தும் இடைவிடாத கவனிப்பும் இருந்தால் படுக்கை அவசியமில்லை. அரசாங்கங்கள் எளிதில் எடுத்துக்கொண்டது அதன் பிற்பாதியை மட்டும். கவனிப்பு என்பது செலவு. படுக்கையை நீக்குவது சேமிப்பு.

அந்த 'வீடு' என்ற சொல்லிலும் ஒரு அனுமானம் இருக்கிறது. நோயாளியை வைத்துக்கொள்ளும் வீடு ஒன்று இருக்கிறது என்பதே அது. 1986ல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டபின், 1990களில் அந்த அனுமானம் உடைந்தது. எய்ட்ஸ் நோயாளிகளில் மிகப் பலரைக் கொல்வது காசநோய்தான். நெஞ்சில் நீர் கோத்து, மூச்சிரைத்து, வீட்டிலிருந்து விலக்கப்பட்டு, மருத்துவமனைகளாலும் திருப்பியனுப்பப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? தாம்பரத்துக்கு வந்தார்கள். தமிழகத்திலிருந்து மட்டுமன்றி ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். தேவையில்லை என்று மருத்துவம் முடிவுகட்டிய படுக்கைகள் அங்கே மிச்சமிருந்தன. நெஞ்சக மருத்துவமனை என்று பெயர் மாறியிருந்த அந்தப் பழைய சானடோரியம், நாட்டிலேயே மிக அதிக எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்த இடங்களில் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரலில் மத்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

*

இன்று அங்கே, அல்லது எந்த நெஞ்சகப் பிரிவிலும், நீர் கோத்து வரும் நோயாளிக்கு என்ன செய்வார்கள்? ஊசியால் சிறிது நீரெடுத்துச் சோதிப்பார்கள். காசநோய் என்றால் ஆறு மாத மருந்து. பெரும்பாலும் நீர் தானாகவே வற்றிவிடும். மூச்சு திணறினால் நீரை வடிப்பார்கள், ஆனால் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கமாட்டார்கள். சுருங்கிய நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறிவிடும். சிறிது சிறிதாக வடிக்கச்சொன்ன பழைய கிரேக்கர்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். சீழென்றாலோ காற்றென்றாலோ அக்குளுக்குக் கீழே விலாக்களின் நடுவே குழாய் போடுவார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு புட்டியின் நீருக்குள் இருக்கும். நோயாளி மூச்சு விடும்தோறும் குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்கும். புட்டியை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடாதே என்று செவிலியர் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். பூலாவின் புட்டி 130 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

காற்றடைக்கும் சிகிச்சைகூட முற்றாகச் சாகவில்லை. மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் பெருகிய ரஷ்யாவில் அது தொடர்ந்து கையாளப்பட்டிருக்கிறது. மருந்து தோற்கும் இடத்தில் பழைய கருத்துகள் திரும்பி வருகின்றன.

மருத்துவ வரலாற்றைப் பிழையிலிருந்து உண்மைக்குச் செல்லும் நேர்கோடாக எழுதுவது எளிது. அந்தக் கணக்கில் சானடோரியம் ஒரு பிழை. ஓய்வு காசநோயைக் குணப்படுத்தவில்லை. சென்னையிலேயே அது நிரூபணமானது. ஆனால் சௌரிமுத்துவின் பன்னிரண்டு படுக்கைகள் இன்னொரு வேலையையும் செய்தன. யாரும் அருகில் வராத நோயாளியை அவை உள்ளே ஏற்றுக்கொண்டன. அது மருந்தின் வேலை அன்று. ஆகவே மருந்து வந்தபின்னும் அதன் தேவை தீரவில்லை. சானடோரியம் என்ற கருத்து காலாவதியாகி முப்பதாண்டுகள் கழித்து, அக்கட்டடங்களின் வாசலில் மீண்டும் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அதை மாற்றவேண்டாம்.